உட்கூரைப் பலகை ஏற்றும் யந்திரம்: பூட்டுதல், இயக்குதல், பேணுதல்

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ் வட்டாரங்கள் தொடங்கிப் பகாவ், கெமாஸ் வரையில் பரந்து கிடக்கும் தோட்டப்புறங்களில், ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்து நெடுங்காலம் ஆகிவிட்ட போதிலும், ரப்பர்க் காலத்தில் எழுந்த தொழிலாளர் வீடுகளிலும் பள்ளிக் கட்டடங்களிலும் கோயிலை ஒட்டிய மண்டபங்களிலும் ஒரு பகுதி இன்றளவும் மக்கள் புழக்கத்தில் இருந்து வருகின்றது. மழைநீர் இறங்கி ஊறிப் பழுதாகிவிட்ட உட்கூரையை இக்கட்டடங்களிலிருந்து அகற்றி, அவ்விடத்தில் ஜிப்சம் பலகை பொருத்தும் வேலை, ஒப்பந்தக்காரரை அழைக்க வசதியில்லாத இடங்களில், ஞாயிற்றுக்கிழமைக் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப்பணியாகவே பெரும்பாலும் நடைபெறுகிறது. இளைஞர் பலர் கூடுகின்றனர், உற்சாகத்துக்குக் குறைவில்லை, ஆனால் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் அந்தச் சில நிமிஷங்களில்தான் கழுத்துப் பிடிப்பும், தோள்மூட்டு விலகலும், ஏணியிலிருந்து விழுதலும் நேருகின்றன. அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்வதற்கென்றே அமைந்த எளிய சாதனம், கைச்சக்கரத்தால் இயங்கும் பலகை ஏற்றும் யந்திரமாகும். அதனைப் பூட்டும் முறையையும், அபாயமின்றி இயக்கும் முறையையும், பழுதுபடாமல் பேணும் முறையையும் விவரிப்பதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

பாரமும் உடம்பும்

இரு காகிதங்களுக்கு இடையில் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தை அடைத்துப் பலகையாக்கும் முறைக்கு முன்னோடியான பலகைக்கு, அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்று நம் கடைகளில் ‘பிளாஸ்டர் போர்டு’ என்றும் ‘சீலிங் போர்டு’ என்றும் விற்கப்படுவது அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. நான்கடி அகலமும் எட்டடி நீளமும், அதாவது 1220-க்கு 2440 மில்லிமீட்டர் அளவும் கொண்ட ஒரு பலகை, 9 மில்லிமீட்டர் கனமுடையதாயின் சுமார் 20 கிலோவும், 12 மில்லிமீட்டர் கனமுடையதாயின் சுமார் 25 கிலோவும் நிறையிருக்கும். தயாரிப்புக்குத் தக்கபடி இவ்வளவு சற்றுக் கூடும், குறையும். ஈரத்தில் கிடந்த பலகை தண்ணீரை உறிஞ்சி இன்னும் கனத்துவிடுவதோடு, நடுவில் தொய்ந்து முறியவும் செய்யும்.

இருபத்தைந்து கிலோ என்பது இரண்டு ஆட்களுக்குப் பெரிய பாரமா என்று கேட்பவர் உண்டு. இடுப்பு மட்டத்தில், உடம்போடு அணைத்துத் தூக்கினால் அது பெரிய பாரமன்று. ஆனால் பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் தந்துள்ள வழிகாட்டும் எண்களின்படி, ஆண் ஒருவர் தலை மட்டத்தில் உடம்பை ஒட்டித் தூக்குவதற்கு 10 கிலோவும், கையை நீட்டித் தூக்குவதற்கு வெறும் 5 கிலோவுமே தகுந்த அளவாகும். உட்கூரை வேலையிலோ, கைகளை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, மற்றொருவர் திருகாணி முடுக்கி முடிக்கும் வரையில் அசையாமல் நிற்கவேண்டியிருக்கிறது. ஆதலால் யந்திரம் இங்கே ஆடம்பரமன்று, அவசியம்.

யந்திரத்தின் அங்கங்கள்

கடைகளில் கிடைக்கும் யந்திரங்கள் பெயரளவில் வேறுபட்டாலும், அமைப்பில் பெரும்பாலும் ஒன்றே. அடியில், சுழலும் சக்கரங்கள் பொருத்திய மூன்று கால்களைக் கொண்ட முக்காலி. அதன்மேல், ஒன்றினுள் ஒன்று அடங்கி நீளும் எஃகுக் குழாய்களாலான தூண். தூணின் உச்சியில், பலகையைத் தாங்கும் குறுக்குக் கைகளோடு கூடிய தாங்குசட்டம். பக்கத்தில், சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு வடத்தைச் சுருட்டுகிற உருளையும், அதைத் திருப்பும் பெரிய கைச்சக்கரமும், சக்கரம் தானாகப் பின்னோக்கிச் சுழலாதபடி தடுக்கும் பிரேக்கும் என நான்கு பகுதிகளாக இதனைக் கருதலாம். சாதாரண யந்திரம் 150 இராத்தல், அதாவது 68 கிலோ வரை தாங்கும். சுமார் 11 அடி, அதாவது 3.3 மீட்டர் உயரம் வரை ஏற்றும். சரியான எண்கள் யந்திரத்தின் உடலில் ஒட்டிய தகட்டில் இருக்கும். அந்தத் தகடு உரிந்துபோன யந்திரத்தை, தயாரிப்பாளரின் கையேடும் கையில் இல்லாதபோது, வாடகைக்கு ஏற்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

68 கிலோ தாங்கும் என்பதனால் இரண்டு பலகைகளை ஒருசேர ஏற்றலாம் என்று கணக்குப் போடுதல் கூடாது. மேலே கிடக்கும் பலகையைத் தாங்குசட்டத்தின் கொக்கிகள் பற்றுவதில்லை. சட்டம் சாயும்போது அது வழுக்கி விழும். ஒரு முறைக்கு ஒரு பலகை என்பது மாறாத விதி.

வேலைக்கு முன்: கூரையும் மின்சாரமும் தரையும்

யந்திரத்தை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னரே மூன்று விஷயங்களைத் தீர்மானித்தல் வேண்டும்.

முதலாவது, அகற்றப்போகும் பழைய உட்கூரை எத்தகையது என்பது. பழைய கட்டடங்களில் சாம்பல் நிறத்துச் சிமெண்டுத் தகடுகள் இருப்பின், அவற்றில் அஸ்பெஸ்டோஸ் நார் கலந்திருக்கலாம். கண்ணால் பார்த்து இதை நிச்சயிக்க இயலாது. அதன் நுண்ணிய நார், மூச்சோடு சுவாசப்பைக்குள் சென்றால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் உள்ளிட்ட கொடிய வியாதிகளை விளைவிக்கும். ஆகவே அத்தகைய தகட்டைச் சுத்தியலால் உடைப்பதும், ரம்பத்தால் அறுப்பதும், விழுந்த தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும் முற்றிலும் தவிர்க்கத்தக்கன. சோதனை செய்து அறியும் வரையில் அது அஸ்பெஸ்டோஸ் என்றே பாவித்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அகற்றச் செய்தல் வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான வீடாயின், 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம் தொழிலாளர் குடியிருப்பைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியிடமே ஒப்படைத்திருப்பதால், கூரையைத் தொடுமுன் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் நியாயமும் ஆகும், பாதுகாப்பும் ஆகும்.

இரண்டாவது, மின்சாரமும் கூரைச் சட்டமும். மெயின் சுவிட்சை அடைத்து, காற்றாடியையும் விளக்கையும் கழற்றி, தொங்கும் கம்பிகளின் முனைகளை மின் வேலை அறிந்தவரைக் கொண்டு மூடச்செய்தல் வேண்டும். இரும்புத் தூண் ஒன்றை அறைக்குள் உயர்த்துகிறோம் என்பதை மறத்தலாகாது. பின்னர், பலகையைத் தாங்கப்போகும் மரச்சட்டங்களைத் திருப்புளியால் குத்திப் பார்த்து, கறையான் அரித்த சட்டங்களை மாற்றிவிட வேண்டும். பழைய வீடுகளில் செங்கால் மரச்சட்டம் இருந்தால் அது மிகவும் கடினமானதாகையால், முன்னதாகச் சிறு துளையிடாமல் திருகாணியை முடுக்கினால் தலை ஒடிந்துவிடும். பலகையோ யந்திரத்தின் மீது காத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது தரை. முக்காலியின் முழுப் பாரமும் மூன்று சிறிய சக்கரங்களின் வழியாகவே தரையில் இறங்குகிறது. பலகைத் தரையுள்ள வீட்டில், அச்சக்கரங்கள் உளுத்த பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கக் கூடுமாதலால், கனமான ஒட்டுப்பலகையை விரித்து அதன் மீதே யந்திரத்தை நிறுத்த வேண்டும். சிமெண்டுத் தரையிலும் ஏமாற்றம் உண்டு: சமையற்கட்டிலும் கழுவும் இடத்திலும் தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். இரண்டு பாகைச் சரிவு கண்ணுக்குத் தெரியாது; ஆயினும் 3.3 மீட்டர் உயரத்தில் தூணின் உச்சி அதனால் சுமார் 11 சென்டிமீட்டர் விலகி நிற்கும். ஆதலால் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சரிவு இருந்தால் அகலமான, அசையாத மேடை அமைத்துச் சமப்படுத்திய பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். சக்கரத்தின் கீழே செங்கல் துண்டும் மரத்துண்டும் செருகிச் சமாளிப்பது விபத்தை அழைப்பதாகும்.

பூட்டும் முறை

முதலில் முக்காலியின் கால்களை முழுமையாக விரித்து, ஒவ்வொரு காலின் பூட்டும் தன் குழியில் விழுந்துவிட்டதா என்று கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பாதி விரிந்த கால், வெற்று யந்திரத்தைத் தாங்கும். பாரம் ஏறியதும் மடங்கும். அடுத்து, தூணை முக்காலியின் மீது நிமிர்த்தி நிறுத்தி, அதன் தாழ் ‘டக்’ என்று விழும் ஓசையைக் கேட்டறிய வேண்டும். இவ்வேளையில், உட்குழாய்கள் தாமாக மேலெழாதபடி பிடித்துவைக்கும் கொக்கி மாட்டியபடியே இருக்கட்டும். அதன் பிறகு தாங்குசட்டத்தை உச்சியில் செருகி, குறுக்குக் கைகளை இரு புறமும் விரித்து, பலகையின் நீளத்துக்கேற்ப நீட்டுக் கைகளை வெளியே இழுத்து, ஊசிகளைப் பூட்ட வேண்டும். கடைசியாகத்தான் உட்குழாய்க் கொக்கியை விடுவிக்கலாம். இந்த வரிசை மாறினால், தாங்குசட்டத்தைச் செருகிக்கொண்டிருக்கும் கையின் மீது உள்குழாய் எழும்பி அடிக்கும்.

பூட்டி முடிந்ததும் பலகையின்றி ஒரு முறை உச்சி வரை ஏற்றி இறக்குதல் கட்டாயம். வடம் உருளையில் அடுக்கடுக்காகச் சுற்றுகிறதா, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிகிறதா, பிரேக் விட்டபோது மட்டும் சக்கரம் பின்னோக்கிச் செல்கிறதா, இறங்கும்போது குழாய் எங்காவது சிக்கி நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே மிகுந்த அபாயமுள்ளது. குழாய் பாதியில் சிக்கி நிற்க, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே போனால், வடம் தளர்ந்து வளையமாகத் தொங்கும்; சிக்கல் திடீரென விடுபடும் கணத்தில், மேற்குழாயும் தாங்குசட்டமும் அந்தத் தளர்வு முழுவதையும் ஒரே வீழ்ச்சியாக விழுந்து தீர்க்கும். ஆகவே வடம் தளர்வதைக் கண்டவுடன் இறக்குவதை நிறுத்தி, சக்கரத்தைத் திரும்ப முறுக்கி, தளர்வை நீக்கிய பின்னரே குழாய் ஏன் சிக்கியது என்று ஆராய வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் தூணுக்கடியில் கைவைத்துக் குழாயை இழுக்கலாகாது.

பலகையை ஏற்றுதல்

தாங்குசட்டத்தை மிகத் தாழ்வாக இறக்கி, பலகை வைப்பதற்கு வசதியாகச் சாய்த்துக்கொள்ள வேண்டும். இருவர் பலகையைச் செங்குத்தாகச் சுமந்து வந்து, அதன் நீண்ட விளிம்பைக் கீழ்க் கொக்கிகளில் அமர்த்தி, அதன் நடுப்பாகம் தூணுக்கு நேராக அமையும்படி சாய்க்க வேண்டும். அறைக்குள் தெரியவேண்டிய வெள்ளை முகம் தாங்குசட்டத்தை நோக்கியும், எழுத்து அச்சிட்ட பின்முகம் கூரையை நோக்கியும் இருத்தல் வேண்டும். பலகை நடுவில் அமையவில்லையெனில், நீளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து முக்காலிக் கால் இலேசாகித் தரையை விட்டு எழும்பும். அந்நிலையில் மேலே ஏற்றுவதை அறவே நிறுத்தி, கீழே இறக்கி, திரும்பவும் நடுவில் வைக்க வேண்டும். பின்னர் சட்டத்தைக் கிடைமட்டமாக்கி, அதன் தாழ் விழுந்ததை உறுதி செய்துகொள்ளலாம்.

யந்திரத்தை இடம் மாற்ற வேண்டுமானால், பலகை தாழ்ந்திருக்கும்போதே, இருவர் இரு பக்கமும் பிடித்து, நடைவேகத்துக்கும் குறைவாகத் தள்ள வேண்டும். பலகையை உயர்த்திய பின் யந்திரத்தைத் தள்ளுதல், பாதி ஏறிய ஏணியை நகர்த்துவது போன்ற செய்கை. நேரான இடத்துக்கு வந்த பின்னரே கைச்சக்கரத்தைத் திருப்ப வேண்டும்.

சக்கரத்தைத் திருப்புபவர் ஒருவரே. அவருக்குக் கட்டளையிடுபவரும் ஏணியில் நிற்கும் ஒருவரே. ஏற்று, நிறுத்து, இறக்கு என்ற மூன்று சொற்களைத் தவிர வேறு சொல் வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுதல் நலம். ஏணியில் நிற்பவர், “அண்ணே, நிறுத்துங்க!” என்று கூவினால், கீழே சக்கரம் பிடித்திருப்பவர் காரணம் கேளாமல் அக்கணமே நிறுத்தி, “நிறுத்திட்டேன் தம்பி” என்று மறுமொழி சொல்ல வேண்டும். மறுமொழி கிடைக்காத வரையில் ஏணியில் இருப்பவர் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் விரலை நுழைக்கலாகாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் அந்த அறைக்குள்ளே இருத்தல் கூடாது. பலகையின் கீழே யாரும் நிற்கவும் நடக்கவும் கூடாது.

பலகை மரச்சட்டத்தைத் தொட்டதும் கை தானாகவே ஓர் இறுக்கத்தை உணரும். அதோடு நின்றுவிட வேண்டும். இடைவெளி தெரிகிறதே என்று மேலும் முறுக்குபவர், சட்டத்தின் வளைவைப் பலகையில் ஏற்றுகிறார். பலகை முறியலாம், வடம் தன் அளவுக்கு மீறிய இழுப்பைத் தாங்க நேரலாம். இடைவெளிக்குக் காரணம் சட்டத்தின் மேடு பள்ளமாயிருந்தால், அதைச் சட்டத்தில் சரிசெய்ய வேண்டுமேயன்றிச் சக்கரத்தில் சரிசெய்ய முடியாது.

திருகாணி முடுக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்க. விளிம்பிலிருந்து 12 மில்லிமீட்டர் அளவு உள்ளே தள்ளி முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் உதிர்ந்துவிடும். தலை காகிதத்துக்குச் சற்றுக் கீழே அமரலாம், காகிதத்தைக் கிழிக்கக் கூடாது. கிழித்த திருகாணியால் பிடிப்பு இல்லை. பலகை கடந்து செல்லும் ஒவ்வொரு சட்டத்திலும் திருகாணிகள் ஏறி, பலகை தன் பாரத்தைத் தானே தாங்கும் நிலை வந்த பின்னரே யந்திரத்தை இறக்கலாம். நான்கு மூலையில் நான்கு திருகாணி போட்டுவிட்டு அவசரப்பட்டு இறக்குவதே, உட்கூரை தலையில் விழுவதற்குக் காரணமாகிறது.

இறக்குதல்

ஏற்றும்போது உண்டாகும் ஜாக்கிரதை இறக்கும்போது தளர்ந்துவிடுவது மனித இயல்பு. இறக்கும்போது ஒரு கை சக்கரத்தின் விளிம்பைப் பற்றியிருக்க, மறு கையால் பிரேக்கை விடுவித்து, சுற்றுச் சுற்றாக, பிடி விடாமல் இறக்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டுச் சக்கரத்தைத் தன் போக்கில் சுழலவிட்டால், அதன் கைப்பிடி மணிக்கட்டை முறிக்கும் வேகத்தில் சுற்றும். சுழலும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்த ஒருபோதும் முயலக்கூடாது. விலகி நின்றுவிட வேண்டும்.

இந்த யந்திரம் பலகையை ஏற்றுவதற்கு மட்டுமே ஆனது. ஆளை ஏற்றுவதற்கும், சிமெண்டு மூட்டையையோ மரத்தையோ தூக்குவதற்கும், தாங்குசட்டத்தின் மீது ஏணி சாய்ப்பதற்கும் இதனைப் பயன்படுத்தலாகாது.

பேணுதல்

நம் நாட்டின் ஈரக்காற்றில் எஃகு விரைவாகத் துருப்பிடிக்கும். போர்ட்டிக்சன் கரையோரத் தோட்டங்களில் கடலுப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகையால் வேலை முடிந்ததும் வடத்தை உருளையிலிருந்து முழுமையாக வெளியே இழுத்து, கனத்த கையுறையணிந்து, துணியால் தடவிப் பார்த்தல் வேண்டும். துணியைப் பிடித்து இழுக்கும் ஒரு முள் இருந்தால் அது ஒடிந்த இழை. இழை ஒடிந்த வடத்தையும், நெளிந்து முறுக்கேறிய வடத்தையும், துருவால் பழுப்பேறிய வடத்தையும் ஒட்டுப்போடாமல், கயிற்றாலோ வேறு கம்பியாலோ ஈடுகட்டாமல், தயாரிப்பாளர் குறித்த அதே கனமும் தரமும் உள்ள புதிய வடமாக மாற்ற வேண்டும்.

பிரேக்கின் உராயும் பாகத்தில் எண்ணெய் படக்கூடாது. துருவுக்குப் பயந்து யந்திரம் முழுவதையும் எண்ணெயில் குளிப்பாட்டுவோர் உண்டு. பிரேக்கில் பட்ட எண்ணெய், பலகையைத் தாங்கும் பிடியையே அழித்துவிடும். குழாய்களுக்கும் எண்ணெய் வேண்டாம். ஜிப்சம் தூள் அதில் ஒட்டி, உராய்ந்து, முன்னே சொன்ன சிக்கலுக்கு வித்தாகும். உலர்ந்த துணியால் துடைத்தலே போதும். வழவழப்பு வேண்டுமெனில், கையேடு குறிப்பிடும் உலர் மசகையே தடவ வேண்டும். சுழலும் சக்கரங்களின் அச்சுக்கு மட்டும் சொட்டு எண்ணெய் விடலாம். ஊசிகள் தொலைந்தால் ஆணியை வளைத்துச் செருகுதல் கூடாது. வளைந்த குழாயைத் தட்டி நிமிர்த்துவதும், வெடித்த பற்றுவைப்பை மீண்டும் பற்றவைப்பதும் கைப்பழக்கத்தால் செய்யும் வேலையன்று. மழையும் தரை ஈரமும் படாத இடத்தில், கொக்கியை மாட்டி, மடித்து, நிமிர்த்தி வைக்க வேண்டும்.

சக்கரத்துக்கு ஒருவர்

1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பின்வந்த திருத்தத்தின் வாயிலாக 2024 ஜூன் முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவடைந்துள்ளது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டுப்பணியை எந்த அதிகாரியும் வந்து பார்க்கப்போவதில்லை. ஒருவருடைய சொந்த யந்திரத்தை அவரே பேணுவார். வாடகைக்கும் இரவலுக்கும் பல கைகள் மாறி வருகிற யந்திரத்தின் குறையை ஒருவர் மற்றவர் அறிவாரென்று எண்ணி யாருமே சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். தோட்டப்புறத்துக் கூட்டுப்பணியில் எல்லோரும் பொறுப்பாளி என்பது, சக்கரத்தைப் பொறுத்தவரை, எவருமே பொறுப்பாளி அல்லர் என்பதாகவே முடிகிறது.

ஆகையால் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வேலைக்கு முன்னே, வயதாலோ அனுபவத்தாலோ எல்லோரும் சொல் கேட்கும் ஒருவரைச் சக்கரத்துக்கு நியமித்துவிடுங்கள். வடத்தைத் தடவிப் பார்ப்பதும், வெறும் யந்திரத்தை ஏற்றி இறக்கிச் சோதிப்பதும், தரை சரியில்லையென்றால் வேலையை நிறுத்துவதும் அவருடைய உரிமை என்று அனைவருக்கும் அறிவித்துவிடுங்கள். யந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, கண்ட குறையைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, சக்கரத்தில் கட்டி ஒப்படையுங்கள். அடுத்து அதை வாங்குகிறவர் இன்னொரு தோட்டத்து இளைஞர், அவரும் நம்மவரே.